கழித்துவிட்ட பரப்பு

அலுவலகத்தில் அவருக்கு அடர்த்தியார் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மாநகரப் புள்ளிவிவரத் துறையில் அவருக்கு வேலை. ஒவ்வொரு வார்டிலும் சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பார். காற்றோட்டமான வார்டுக்கு வெளிர் மஞ்சள், மூச்சுமுட்டும் வார்டுக்குக் கருஞ்சிவப்பு என்று வரைபடத்தில் நிறம் ஏற்றுவார். மற்றவர்கள் இந்த வேலையைச் சம்பளத்துக்காகச் செய்தார்கள். இவர் சொந்த வீட்டு வேலை போல இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார்.

அவர் குடியிருந்ததோ வரைபடத்திலேயே அதிகம் சிவந்த வார்டில். அதில் அவருக்கு ஒரு ரகசியப் பெருமை உண்டு. எள் போட்டால் எள் விழாத தெரு அது. இரண்டு பேர் குடை விரித்து எதிரெதிரே வந்தால் ஒருவர் குடையை மடக்கியே ஆகவேண்டும். பேருந்தில் கம்பியைப் பிடிக்கத் தேவையில்லை. விழுவதற்கு இடம் இருந்தால்தானே விழ முடியும். எதிர்வீட்டுக்காரர் தும்மினால், இவர் வீட்டுக் கூடத்திலிருந்தே நலம் விசாரித்துவிடலாம். இத்தனைக்கும் நடுவில் மூன்றாம் மாடியில், இரண்டு அறையும் ஒரு கூடமும் ஒரு சமையலறையுமாக இருந்த வீட்டில் அடர்த்தியார் சௌக்கியமாகத்தான் இருந்தார்.

அவர் பெயர் மேலிடம் வரைக்கும் போனது ஏரிக்கரை வார்டினால். பழைய வரைபடத்தில் அந்த வார்டு எப்போதும் வெளிர் மஞ்சள். பார்ப்பவர்கள், அடடா, அங்கே வீடு கிடைத்தால் தேவலையே என்று நினைப்பார்கள். ஏரியையும் நிலமாகச் சேர்த்து வகுத்ததால் வந்த மஞ்சள் அது. தண்ணீரில் யாராவது குடியிருக்கிறார்களா என்று அடர்த்தியார் கேட்டார். ஏரியைக் கழித்தார், சரக்கு ரயில் முற்றத்தைக் கழித்தார், கிடங்குகளைக் கழித்தார். மிச்சமிருந்த துண்டு நிலத்தால் வகுத்ததும் அந்த வார்டு குப்பென்று சிவந்துவிட்டது. அதைக் காட்டித்தான் அங்கே ஒரு மருத்துவமனை வந்தது. யாரும் வசிக்காத இடத்தை முதலில் கழிக்க வேண்டும் என்பதைத் துறைத் தலைவர் கூட்டம் போட்டு எல்லோருக்கும் சொன்னார். அன்றிலிருந்து அடர்த்தியாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாமனார் விஷயம் வந்தது.

மாமனார் ஒரு பெரிய வணிகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு நகரத்தின் மறுகோடியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். அந்த அறை இருந்த கட்டடத்தை இடித்து உயரமாகக் கட்டப்போகிறார்களாம், மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஊருக்கு வெளியே முதியோர் இல்லம் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாக அவர் மகளிடம் சாதாரணமாகச் சொன்னாராம். அடர்த்தியாரின் மனைவி அன்று மாலை மருந்துக்கடை வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு கேட்டுவிட்டாள்.

"அப்பாவ இங்க கூட்டிட்டு வந்துடலாமா?"

அடர்த்தியாருக்கு மாமனாரைப் பிடிக்கும். வந்தால் வீடு கலகலவென்று இருக்கும் என்பதும் தெரியும். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"இடம் இருக்கான்னு பாக்கணுமே."

"பாருங்க" என்றாள் மனைவி.

அந்தப் 'பாருங்க'வின் தொனியைக் கேட்ட வேறு எந்தப் புருஷனும் சத்தமில்லாமல் மாமனாருக்குப் போன் போட்டிருப்பான். நம்முடையவர் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிடுவோம். இன்னொரு கட்டில் போடுவதற்கு அந்த வீட்டில் இருந்தது ஒரே இடம்தான். அவரும் பையனும் படுக்கிற அறையில், பழைய வரைபடங்கள் அடைந்துகிடந்த அலமாரி நின்ற இடம். அலமாரி போனால், பக்கத்தில் ஜன்னலோரம் அவர் போட்டிருந்த சாய்வு நாற்காலிக்கும் ஆபத்து. அந்த ஜன்னலில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கீற்று வானம் தெரியும். வார்டிலேயே எத்தனை பேருக்கு அந்தப் பாக்கியம் உண்டு? அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் வெட்கம். ஆகவே கணக்கு போட உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கத் தவழ்ந்தார். மகள் கல்லூரிப் பாடத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த தம்பி, பேருந்து நடத்துனர், காலை மடக்கி அண்ணனுக்கு வழிவிட்டான். கட்டம் போட்ட தாளில் வீடு அச்சு அசலாக எழுந்தது. பிறகு துறையில் செய்வது போலவே யாரும் வசிக்காத இடங்களைக் கழித்தார். குளியலறை, துணி காயும் பால்கனி, நடைவழி, சமையலறை. மிச்சமிருந்த பரப்பில் ஆளுக்கொரு சிவப்புப் புள்ளி. மகளின் கட்டில், பையனின் கட்டில், தம்பியின் மடக்குக் கட்டில், தன் ஜன்னலோர நாற்காலி. மாமனாருக்கு ஒரு புள்ளி சேர்த்தார். புள்ளிகளை எண்ணிப் பரப்பால் வகுத்தார். வந்த விடைக்கு அவரிடம் இருந்த சிவப்புப் பென்சில் எதுவும் போதாது. அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதி. நான் மாட்டேன் என்றா சொன்னேன், கணக்கு அல்லவா மாட்டேன் என்கிறது.

தாளைக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினார். அவள் டீ போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள், எதையும் அவசரமாகப் படிக்கமாட்டாள். இது யாரு, இது யாரு என்று விரல் வைத்து ஒவ்வொரு புள்ளியாகக் கேட்டாள். அவரும் வகுப்பெடுக்கிற உற்சாகத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். புள்ளிகள் தீர்ந்தன. விரல் தாளின் மேலேயே நின்றது.

"நான் எங்க இருக்கேன்?"

அடர்த்தியார் தாளைப் பார்த்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்து, முகத்தில் ஈயாடவில்லை. மகள் அறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே அவள் மெத்தை விரித்துப் படுப்பாள். விடிந்ததும் மடித்துப் பீரோ மேல் ஏற்றிவிடுவாள். அவர் அளந்த நேரத்தில் அங்கே வெறும் தரைதான் இருந்தது. மற்ற நேரமெல்லாம் அவள் இருப்பது…

"நீ… சமையலறை… அத கழிச்சாச்சு" என்று மென்று விழுங்கினார்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவர் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். தாளைப் பதமாக மடித்து அவர் கையில் கொடுத்து, டீயையும் கொடுத்தாள்.

"பரவால்லங்க. இத்தன வருஷம் எனக்கு இடமில்லாமயே இருந்துட்டேன். அப்பாவும் அப்படியே இருந்துக்குவார்."

அவ்வளவுதான். அன்று அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை முறை. பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

டீ ஆறிப்போகிறவரைக்கும் அடர்த்தியார் தன் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வானம் அதே கீற்றாகத்தான் இருந்தது, பார்க்கப் பிடிக்கவில்லை. மனைவி உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு காட்சியை நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். மருந்துக்கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறாள். பேருந்தில் நின்றுகொண்டு வருகிறாள். வீட்டில் அடுப்பருகே நிற்கிறாள். எல்லோரும் சாப்பிடும்போது கரண்டியோடு நிற்கிறாள். நினைவைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தும் உட்கார்ந்த மனைவி ஒருத்தி கிடைக்கவில்லை. லட்சக்கணக்கான ஜனத்தில் ஒரு தலை விட்டுப்போனாலும் தூக்கம் வராத மனிதர் அவர். ஏரியைக் கழித்தது சரிதான், அதற்குள் யாரும் இல்லை. இங்கே கழித்ததற்குள் ஆள் இருந்தாள். அவருக்கு அழுகை வந்தது. மகள் பக்கத்து அறையில் இருந்ததால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடக்கினார்.

பிறகு தம்பியை எழுப்பினார். அலமாரியைக் காலி செய்ய வேண்டும் என்றார். எந்த அலமாரி என்று தம்பி இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுந்தான்.

வரைபடங்களைக் கட்டுக்கட்டாகக் கட்டி அலுவலக நூலகத்துக்கென்று ஒதுக்கினார்கள். காலி அலமாரியை முதல் மாடிக் கடிகாரம் பழுதுபார்ப்பவர் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் அந்தப் படிக்கட்டு இருக்கிறதே, அதில் ஒரு தடித்த மனிதர் இறங்கினாலே மற்றவர்கள் அவரவர் வாசலுக்குப் பின்வாங்க வேண்டும். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அலமாரி கச்சிதமாகச் சிக்கியது. மேலே போகிறவர்கள் கீழேயும், கீழே போகிறவர்கள் மேலேயுமாக மொத்தக் கட்டடமும் நின்றது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சாய்க்கச் சொன்னார்கள், தூக்கச் சொன்னார்கள், உடைக்கச் சொன்னார்கள். அடர்த்தியார் வீட்டிலிருந்து ஒன்று வெளியே போகிற அதிசயத்தைப் பார்க்க நான்காம் மாடிக்காரர்கள் வேறு இறங்கி வந்துவிட்டார்கள். கடைசியில் கதவுகளைக் கழற்றியதும் அது சாதுவாக இறங்கிப் போயிற்று.

மூச்சு வாங்கிக்கொண்டே அவர் மாமனாருக்குப் போன் செய்தார். நம்ம வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்றார். மாமனார் பிடிகொடுக்கவில்லை. உங்களுக்கே இடம் நெருக்கடி என்று இழுத்தார். இவர் விடவில்லை. கடைசியில் மாமனார் இறங்கி வந்தார்.

"எட்டு பேர்னு எழுதிப் போட்ட லிஃப்டுல பதினாலு பேர ஏத்தி எறக்குனவன் நான். எனக்கு நிக்க இடம் போதும் மாப்பிள்ள."

நிற்க இடம் போதும் என்பது அந்தக் குடும்பத்திலேயே ஊறிய வழக்கம் போலிருக்கிறது.

"உக்கார இடம் இருக்கு மாமா. வாங்க."

மனைவி திரும்பி வந்தபோது அலமாரி இருந்த இடத்தில் புதுக் கட்டில் ஒன்று கிடந்தது. ஜன்னலோர நாற்காலி துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடும் பேனாக்களும் அதன் பக்கத்திலிருந்து கூடத்துக்குக் குடிபெயர்ந்திருந்தன. இனிமேல் அந்த நாற்காலி அவளுடையது, வேறு யாரும் அதில் உட்காரக்கூடாது, தான் உட்பட, என்று அவர் அறிவித்தார். அவள் நாற்காலியை ஒருமாதிரியாகப் பார்த்தாள். அதில் உட்கார்ந்து என்ன செய்வது என்று கேட்டாள். ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சொன்னதும் வந்துவிடுகிற பழக்கமா அது? முதல் நாள் பேருந்துக்குக் காத்திருப்பவள் போல நுனியில் உட்கார்ந்து, பால் பொங்குமோ என்று எழுந்து ஓடினாள். அடுப்பே பற்றவைக்கவில்லை. மறுநாள் நறுக்குவதற்குக் காய்கறியோடு வந்து உட்கார்ந்தாள்; மகள் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள். வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தம்பி ஒருநாள் வைத்த குழம்பில் உப்பு இல்லை, அடுத்த நாள் உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அடர்த்தியார் பாத்திரம் துலக்கினார். வாரக் கடைசிக்குள் அவள் காலை மடக்கி நாற்காலியில் ஏற்றிக்கொள்ளப் பழகிவிட்டாள். ஒருதரம் கண்ணயர்ந்தும் போனாள். வீட்டில் எல்லோரும் கால் விரலால் நடந்தார்கள்.

சனிக்கிழமை மாமனார் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். மாடி ஏறிய களைப்பு இருந்தாலும் முகம் மலர்ந்திருந்தது. பையனின் தலையைத் தடவினார், தம்பியின் முதுகில் தட்டினார். பெட்டியைக் கூடத்திலேயே வைத்துவிட்டு, எப்போது வந்தாலும் செய்வது போல யாரையும் கேட்காமல் நேராகச் சமையலறை வாசலுக்குப் போனார். இத்தனை வருடங்களாக மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் அவர் நின்று பேசியது அந்த வாசலில்தான்.

உள்ளே பேத்தி இருந்தாள், கரண்டியோடு. அவர் அவளைத் தாண்டி மூலையெல்லாம் பார்த்தார். திரும்பியபோது முகத்தில் ரத்தமில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க அவ? உடம்புக்கு ஏதாவது முடியலையா?"

அடர்த்தியார் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"நல்லா இருக்கா மாமா. உக்காந்திருக்கா."

கைத்தாங்கலாக அறை வாசலுக்கு அழைத்துப் போனார். ஜன்னலோரம் மடியில் செய்தித்தாளோடு இருந்தவள் அப்பாவைப் பார்த்ததும் பழக்கத்தில் கையை ஊன்றினாள். கிழவர் அவசரமாகக் கையைக் காட்டித் தடுத்தார். அவள் மறுபடி சாய்ந்துகொண்டு, உட்கார்ந்தபடியே, வாங்கப்பா என்றாள்.