போர்த்திவிடு அக்கா

என் தம்பி பொய் சொல்லத் தெரியாதவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெருவில் அவனைப் பற்றிப் பேசிய எல்லாரும் பொய்யன் என்ற ஒரு வார்த்தையைத்தான் வாய் கூசாமல் சொன்னார்கள். சின்ன வயதில் சீனி டப்பாவைக் காலி செய்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்னாலேயே எதிரில் வந்து நிற்பான். பொய் சொல்ல ஒரு சாமர்த்தியம் வேண்டும். எங்கள் வீட்டில் அது எனக்கு மட்டும்தான் உண்டு.

மீன் ஏற்றுமதி செய்யும் கம்பெனியின் குளிர்கிடங்கில் அவனுக்கு வேலை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே பேசினால் வாயிலிருந்து புகை வரும். கனத்த கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு, முதலில் வந்த பெட்டி முதலில் வெளியே போகிற மாதிரி மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டால் காற்றாடிகளின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்காதாம். கூட வேலை செய்பவர்கள் அவனை ஐஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

வீட்டுக்கு வரும்போது பல் தந்தியடிக்கும். "போர்த்திவிடு அக்கா" என்று சொல்லிக்கொண்டே என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பாயில் சுருண்டுகொள்வான். நான் லாட்ஜ்களுக்குத் தலையணை உறை தைக்கிறவள். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து, பழுப்புக் கம்பளியைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்துவேன்.

"கல்யாணம் ஆனா யார்றா போர்த்துவா?"

"அவ ஒரு பக்கம் பிடிக்கட்டும், நீ ஒரு பக்கம் பிடி" என்பான்.

அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான்தான். தூங்க வைக்க நபிமார்களின் கதைகளைச் சொல்வேன். அவன் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றே ஒன்று. நபிகள் நாயகம் குகையில் வானவரைக் கண்டுவிட்டு நடுங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தது, போர்த்தச் சொன்னது, மனைவி கதீஜா போர்த்திவிட்டது, உலகத்திலேயே முதல் ஆளாக அவர்களை நம்பியது. அவர்கள்தான் கடைசி நபி, இனி யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லிக் கதையை முடிப்பேன்.

"ஏன் வரமாட்டாங்க?"

"சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடிச்சாச்சு. அதான்."

"அப்ப அதுக்கப்புறம் பொறந்தவங்ககிட்ட யாரும் பேச மாட்டாங்களா?"

"கண்ணை மூடித் தூங்குடா" என்றேன். பதில் தெரியாவிட்டால் தூங்கச் சொல்வதுதான் பிள்ளை வளர்ப்பவர்களின் வழக்கம்.

இத்தனை வருடம் கழித்து, ஒருநாள் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான். அது குளிர் நடுக்கம் மாதிரி இல்லை. போர்த்திவிடு என்றான், போர்த்தினேன். கம்பளிக்குள்ளிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உள்ள ஒருத்தர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்க்கா. காத்தாடிச் சத்தத்துக்கு நடுவுல. உன்னை அனுப்பறேன்னார்."

"எங்க, இன்னொரு கிடங்குக்கா?"

"எல்லா ஜனங்ககிட்டயும்."

ஐஸ் மூளைக்கு ஏறிவிட்டது என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "நீ போர்த்திட்டே. முதல் ஆள் நீதான்" என்றான்.

அதன் பிறகு அவனுக்குத் தூக்கம் போயிற்று. சோற்றைப் பிசைந்தபடியே சுவரோடு பேசுவான். கிடங்கில் வாய்விட்டுச் சொல்லி, லோடுமேன் ஒருவனிடம் அறை வாங்கிக்கொண்டு வந்தான். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். நாளெல்லாம் கூட்டத்தில் கத்துகிறவர், வீட்டிலும் கத்தினார்.

"நாயகத்துக்கு அப்புறம் நானும் நபின்னு கிளம்பின பொய்யனுங்களுக்குக் கணக்கே இல்ல. இப்ப நம்ம வீட்டுலயும் ஒண்ணா?"

"அவனைப் பொய்யன்னு சொல்லாதீங்க."

"பின்ன, அவன் சொல்றது உண்மையா?"

"இல்ல. ஆனா அவன் பொய்யும் சொல்லல. அவன் காதுல விழுந்ததைச் சொல்றான்."

அவர் டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனார். அப்படிக் கிளம்பியவர்கள் பின்னால் ஊர் ஊராக ஜனங்கள் போயிருக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். என் தம்பி பின்னால் ஒரு ஆள் கிடையாது. அவன் நம்பச் சொன்னதெல்லாம் என்னை மட்டும்தான். நானோ எந்த நாளும் அவன் பின்னால் நிற்கப் போவதில்லை.

அந்த வாரம் அவன் ஒரு முடிவோடு இருந்தான். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில், ஜும்மா தொழுகைக்குக் கூடியிருக்கும் ஜனங்களுக்கு நடுவில் எழுந்து நின்று சொல்லப் போகிறேன் என்றான். எங்கள் தெருவை எனக்குத் தெரியும். பாதிப் பேர் தலையில் அடித்துக்கொள்வார்கள், மீதிப் பேர் அவனை அடிப்பார்கள். உயிரோடு வீடு திரும்ப மாட்டான் என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. டாக்டரிடம் கூப்பிட்டால் அசையவில்லை.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓடினேன். தொழுகை நடத்துகிறவர், என் தம்பி வயதுதான் இருக்கும். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நபித்துவம்ங்கற அந்தக் கதவு சாத்தியாச்சும்மா. அதுல மாற்றமே இல்ல. ஆனா உடம்பு முடியாம வந்து தட்டறவனை அடிக்கக் கூடாது, வைத்தியம் பார்க்கணும். புத்தி கலங்கினவன் மேல குத்தம் எழுதப்படாது."

"நம்பறேன்னு நான் சொன்னா, எங்க கூப்பிட்டாலும் வரேங்கறான்."

"ஒரு உசிரைக் காப்பாத்த வாய் சொல்லும்போது, மனசு எங்க நிக்குதுன்னு அல்லாஹ்வுக்குத் தெரியும்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை. வாசலில் ஆட்டோ நின்றது. அவன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வகிடெடுத்துத் தலை வாரியிருந்தான். மாப்பிள்ளை மாதிரி இருந்தான் என் பிள்ளை.

"முதல்ல டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம், வாடா."

"நம்பறேன்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா. வரேன்."

வாயைத் திறந்தேன். கடைக்காரனிடமும் லாட்ஜ்காரனிடமும் எத்தனை பொய் அளந்திருக்கிறேன், இந்த ஒன்று வரவில்லை. அவனுக்கு மழலை பேசும் வயதில், இறைவன் ஒருவனே, நபிகள் நாயகம் அவன் தூதர் என்ற கலிமாவைச் சொல்லிக்கொடுத்த நாக்கு இது. ஹஜ்ரத் சொன்னதெல்லாம் காதில் இருந்தது, நாக்குதான் எழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் நடுங்க ஆரம்பித்தான்.

"சரி, சொல்ல வேண்டாம். போர்த்திவிடு. எனக்கு அது போதும்."

தலையைக் குனிந்துகொண்டு என் முன்னால் நின்றான். அவன் என்ன நினைத்துக்கொள்வான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கம்பளியை உதறி அவன் தோளைச் சுற்றிப் போர்த்தினேன். தப்பு என்று யாராவது சொல்வதாக இருந்தால், அந்த வாசலில் அவன் எதிரில் வந்து நின்றுவிட்டுச் சொல்லட்டும். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து, வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான். அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் முகத்தில் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் குணமாகி வந்தான். உடம்பு ஊதியிருந்தது, பேச்சு மெதுவாகியிருந்தது. மாத்திரையை நான் சொல்லாமலே போட்டுக்கொண்டான். கிடங்குக்காரர் நல்ல மனிதர், திரும்ப வேலைக்கு வரச் சொன்னார். போவதற்கு முந்தின நாள் மத்தியானம், நான் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது கேட்டான்.

"அன்னைக்கு நீ நம்பிதானேக்கா போர்த்தினே?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ஆமாம் என்றால் அந்த நெருப்பை நானே மறுபடி ஊதிவிட்டதாக ஆகும்.

"உனக்குக் குளிருதுன்னு போர்த்தினேன்டா."

"முதல் நாளும்?"

"எல்லா நாளும்."

தலையாட்டினான். "சரிதான். நாயகத்தோட முடிஞ்சுபோச்சுன்னு நீதானே சொல்லிக்கொடுத்தே" என்றான். அப்புறம் ஏதோ என்னைத் தேற்றுகிறவன் மாதிரி, "இப்பல்லாம் யாரும் கூப்பிடறதில்லக்கா" என்றான். நான் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் கண்ணுக்கே தெரியவில்லை.

மறுநாள் வேலையிலிருந்து வந்தான். பல் தந்தியடித்தது. பாயில் உட்கார்ந்தானே தவிர ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே எழுந்து கம்பளியை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கி, நான்காக மடித்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"வேண்டாம்க்கா. நீ போர்த்தினா எனக்கு மறுபடியும் ஆசை வந்துடும்."

இனி எந்த நபியும் வரமாட்டார். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. தினமும் சாயங்காலம் அவன் வந்து, என் மெஷினுக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, நடுக்கம் தானாக அடங்கும் வரை உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பல் சத்தம் காதில் விழக் கூடாதென்று நான் மெஷினை வேகமாக மிதிக்கிறேன்.