பக்கத்து வீட்டைவிட ஒரு சாண்

வெள்ளவத்தையில், கடற்கரை றெயில் பாதையோடு முடிகிற ஓர் ஒழுங்கையில், புதிய மன்னருக்கு முடிசூட்டிய வருஷம் சிவபாதசுந்தரம் கட்டி முடித்த வீடு, பக்கத்துப் பலீலின் வீட்டைவிடச் சரியாக ஒரு சாண் உயரம். இது தற்செயலாக வந்த சாண் அல்ல. கூரைமட்டம் பிடித்த அன்று அவர் கந்தோருக்கு அரைநாள் லீவு போட்டு வந்து, மூங்கில் தடியால் இரண்டு வீட்டையும் அளந்தார். ஒரு சாண் போதும், அதற்குமேல் போனால் பெருமையடிக்கிறான் என்று சனம் சொல்லும் என்று மேசனிடம் விளக்கினார். மேசன் சிங்களவர். அவருக்கு விளங்கவில்லை, கூலி விளங்கியது.

பதினெட்டு வருஷம் கொட்டாஞ்சேனையில், ஏழு குடும்பத்துக்கு ஒரு பைப் என்றிருந்த மாடியில் குடியிருந்த தலைமைக் கிளாக்கர் அவர். இப்போது கேற்று வாசலில் இரண்டு சீமெந்துச் சிங்கம். ஜன்னல் பதினெட்டு, பலீல் வீட்டில் பதினொன்று. மேலே ஒரு வட்டப் பல்கனி. அதில் ஒரு கதிரை போடலாம், போட்டால் ஆள் நிற்க முடியாது. பலீலின் வீடு நாற்பது வருஷப் பழசு. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், அகலமான விறாந்தை. மத்தியானத்தில் அங்கே குளிரும், இங்கே வேகும். அதைச் சிவபாதசுந்தரம் அளக்கவில்லை. மலாயாவில் இருந்த மகள் கௌரிக்கு எழுதுகிற கடிதத்தில் ‘அம்மா சுகம்’ என்று ஒரு வரி. மிச்சம் மூன்று பக்கமும் இரண்டு வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

பின்வளவில் மட்டும் அவருக்கு ஒரு குறை. இரண்டு குசினிக்கும் நடுவில் கிடுகு வேலி. அதில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு. பலீலின் மனைவி மர்லியாவின் குடும்பத்துப் பெண்கள் றோட்டில் நடப்பதில்லை. போனால் திரை கட்டிய றிக்ஷோவில்தான். ஆகவே அந்த ஓட்டைதான் அவளுக்குத் தெரு. காலையில் பலீல் புறக்கோட்டைக் கடைக்கும், சிவபாதசுந்தரம் எட்டு மணி றெயிலுக்கும் போனபிறகு, மர்லியா அதற்குள்ளால் வருவாள். சிவபாதசுந்தரத்தின் மனைவி அருந்ததி தேங்காய் துருவ, மர்லியா பலகையில் குந்தியிருந்து ஊர்க்கதை கதைப்பாள்.

ஆடி மாதம் அருந்ததிக்கு நெஞ்சு அடைத்தது. அன்று பொட்டால் ஓடிவந்து நெஞ்சைத் தேய்த்து, டொக்டருக்கு ஆள் அனுப்பியது மர்லியாதான். பக்கத்தில் ஆள் இருந்தபடியால் தப்பினா, இனி இவவைத் தனியே விடவேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போனார். சிவபாதசுந்தரமும் தலையாட்டினார். ஆனால் வேலைக்கு ஆள் வைக்கிற சல்லி ஏற்கெனவே சிங்கங்களுக்குப் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கந்தோர்த் துரை தேநீருக்கு வரச் சம்மதித்தார். பதினெட்டு ஜன்னல் உள்ள வீட்டின் பின்பக்கம் கிடுகு வேலியா? ஏழடிச் சுவர் என்று தீர்மானமாயிற்று. பலீலின் முன்மதிலைவிட ஒரு சாண் கூடுதல். மேலே கண்ணாடித் துண்டு.

அருந்ததி எதையும் கேட்கிற பெண் அல்ல. வீட்டுப் பிளானைக்கூட அவளுக்கு ஒருவரும் காட்டவில்லை. அன்று சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“இஞ்சேருங்கோ, சுவரைக் கட்டுங்கோ. அந்தப் பொட்டு இருந்த இடத்தில ஒரு சின்னக் கதவு வைச்சால் போதும்.”

“கறுவாத்தோட்டத்துப் பெரிய ஆக்களின்ர எந்தப் பங்களாவிலயெண்டாலும் பக்கத்து வீட்டுக்குக் கதவு இருக்குதோ? வாற ஆக்கள் என்ன நினைப்பினம்?”

“ஒருத்தரும் குசினிப் பக்கம் வரமாட்டினம். நான் மட்டும்தான் நிக்கிறனான்.”

துரை வந்துபோகட்டும், பிறகு வெட்டிக் கதவு வைக்கலாம் என்று அவர் வாக்குக் கொடுத்தார். ரசம் கொஞ்சம் உப்பு என்றும் சொன்னார்.

துரை வந்தார். பதினொரு நிமிஷம் இருந்தார். கேக்கில் ஒரு துண்டு கடித்தார். போகிறபோது சிங்கங்களுக்கு நடுவில் நின்று, பக்கத்தில் இருக்கும் அந்தப் பழைய அழகான வீடு யாருடையது என்று விசாரித்தார். சிவபாதசுந்தரம் அன்றிரவு சாப்பிடவில்லை. கதவைப் பற்றி அருந்ததி நினைவூட்டியபோது, அந்த வீட்டுக்குத் தன் சுவரை வெட்டிக் கதவு வைப்பதா என்று கத்தினார். அதற்குப்பிறகு அவள் கேட்கவில்லை.

பெண்கள் இருவரும் தங்களுக்குள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பத்து மணிக்கு அருந்ததி அம்மிக்குழவியால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாள். ‘இருக்கிறன்’ என்று அர்த்தம். அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு வரும்.

முன் கேற்றுக்குப் புதிதாக ஓர் இங்கிலாந்துப் பூட்டு. கூடைக்காரர் வந்து மினுக்கிய சிவப்புத் தரையில் குந்தக்கூடாது என்று சிவபாதசுந்தரம் அதை வெளியால் பூட்டிக்கொண்டு போவார். ஒரு திறப்பு அவர் கோட்டுப் பையில். மற்றது தொலையாமல் இருக்கக் கந்தோர் மேசை லாச்சியில்.

ஐப்பசி, ஒரு செவ்வாய்க்கிழமை, பலீல் கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தார். அருந்ததிக்குக் கடுமை, உடனே வாருங்கள் என்பதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மணி றெயிலில் வந்து ஒழுங்கையில் திரும்பிய சிவபாதசுந்தரத்தின் கண்ணில் முதலில் பட்டது, இடப்பக்கச் சிங்கத்தின் உடைந்த காது. யார் உடைத்தது என்று கேட்க வாயைத் திறந்தார். பிறகுதான் சனத்தைக் கண்டார்.

மீன்காரன் ஒருவன் சிங்கத்தின் தலையில் கால்வைத்து ஏறி உள்ளே குதித்திருந்தான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பூட்டைக் கல்லால் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். உடையவில்லை, விளம்பரத்தில் போட்டிருந்தது பொய்யில்லை. கேற்றுக் கம்பியைப் பிடித்தபடி மர்லியா நின்றாள். முக்காடு இல்லாமல் றோட்டால் ஓடி வந்தவளுக்கு, யாரோ ஒரு சால்வையைத் தலையில் போட்டிருந்தார்கள். அவர் திறப்பை எடுக்கும்போது அவள் கதைத்தாள். அவரிடம் அல்ல, கம்பியிடம்.

“நிப்பாட்டாம தட்டிக்கிட்டே ஈந்தா. நானும் ‘இந்தா வாரேன், இந்தா வாரேன்’ எண்டு சொல்லிக்கிட்டே ஈந்தேன். எந்த வழியால வார?”

திறப்பு பூட்டுக்குள் மூன்றாவது முறைதான் போனது.

குசினியில் அருந்ததி சுவரோடு சாய்ந்திருந்தாள். குழவி மடியில். பொட்டு இருந்த அதே இடத்தில், சீமெந்துப் பூச்சில் வெள்ளையாக ஒரு பள்ளம்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு ஊரிலிருந்து சனம் வந்தது. இப்படியொரு வீட்டில் இருந்து வாழக் கொடுத்துவைக்கவில்லையே என்று பெண்கள் அழுதார்கள். அழுதுகொண்டே ஜன்னல்களை எண்ணினார்கள். கைகழுவப் பின்பக்கம் போன தியாகராசா, அருந்ததியின் ஒன்றுவிட்ட தமையன், அண்ணாந்து பார்த்துவிட்டு, நல்ல சுவர், எத்தனை அடி என்று கேட்டார்.

“ஏழடி. பக்கத்து வீட்டைவிட...” என்ற சிவபாதசுந்தரம் அங்கேயே நிறுத்திக்கொண்டார். தியாகராசா கொஞ்ச நேரம் மிச்சத்துக்காகக் காத்திருந்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் சனம் றெயிலேறிப் போய்விட்டது. லீவில் இன்னும் ஒரு நாள் இருந்தது. பத்து மணிக்குச் சிவபாதசுந்தரம் குசினிக்குள் போனார். எதற்கென்று அவருக்கே தெரியாது. அம்மிக்குழவியை எடுத்தார். அவ்வளவு பாரமாக இருக்குமென்று அவர் நினைத்திருக்கவில்லை. அந்தப் பள்ளத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அந்தப் பக்கத்தில் ஏதோ ஓர் ஏனம் கீழே விழுந்தது. பிறகு, சுவருக்கு மிகக் கிட்டவாக, மர்லியாவின் குரல்:

“யாரு?”

சிவபாதசுந்தரம் குழவியைப் பிடித்தபடி நின்றார். தலைமைக் கிளாக்கர், வீட்டுக்காரர், பதினெட்டு ஜன்னலுக்கும் சொந்தக்காரர். சொல்வதற்கு அவரிடம் எத்தனையோ பட்டம் இருந்தது.

“யாரு அங்க?” என்று குரல் இன்னொருமுறை கேட்டது, மெதுவாக, நடுங்கி. அவர், அருந்ததி சாய்ந்திருந்த இடத்தில் முதுகை வைத்து, வேட்டி சிவப்புத் தரையில் பட, அப்படியே சரிந்து கீழே இருந்தார்.