டீ தளும்பாத எஞ்சின்

அமானுல்லாவுக்கு ஒரு கிறுக்கு உண்டு. எஞ்சினைப் பிரித்து மாட்டி முடித்தால், எதிர்க்கடையிலிருந்து ஒரு டம்ளர் டீ வாங்கிவரச் சொல்வான். குடிக்க அல்ல. விளிம்பு முட்ட நிறைந்த டம்ளரை ஓடுகிற எஞ்சின் தலைமேல் வைப்பான். சத்தமும் வரக்கூடாது, டீயும் தளும்பக்கூடாது. ஒரு சொட்டு சிந்தினாலும் சரி, மறுபடி பிரித்துப் போட்டுவிடுவான். செங்கல்பட்டு பஜாரில் இதை வேடிக்கை பார்க்கவே ஒரு கூட்டம் சேரும். எதிர்ப் பட்டறைக் கண்ணாயிரம் மட்டும் வேடிக்கை பார்க்காத மாதிரி பார்ப்பான். என்றாவது ஒரு நாள் அந்த டீ கொட்டாதா என்பதுதான் அவன் ஏக்கம்.

அப்படிப்பட்டவனிடம் போய்ச் சேர்ந்தது அந்த வேலை. அரிசி மில் திருவேங்கடம், சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் தாழ்வான ரெட்டை ஆசன கார் ஒன்றை வாங்கியிருந்தார். சோழவரம் விமானத் திடலில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பந்தயத்தில் அதை ஓடவிட வேண்டும். ஓட்டப்போகிறவன் அவருடைய மில் லாரி டிரைவர் பஷீருதீன். பஷீர் வேறு யாருமல்ல, அமானுல்லாவின் மனைவி சுராயாவுக்கு இருக்கிற ஒரே தம்பி. நெல் மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்தே வயது போய்விடுமோ என்றிருந்தவனுக்கு இது பெரிய யோகம். பதினைந்து நாளாக வேறு பேச்சே கிடையாது. சோறு போட்டால் தட்டை ஸ்டியரிங் மாதிரி திருப்பிக்கொண்டிருந்தான்.

பழைய எஞ்சின் பந்தயத்துக்குத் தாங்காது என்று கீழ்ப்பாதியை முழுக்கப் புதிதாகக் கட்டச் சொன்னார் திருவேங்கடம். ஆஃப் எஞ்சின் என்பார்கள்: பிளாக், அதற்குள் சுழலும் கிராங்க், ராடு, பிஸ்டன், அவ்வளவுதான். ஆனால் இதில் எதுவுமே சாதாரண வார்ப்பு இல்லை. காய்ச்சி, பெரிய சம்மட்டிக்கு அடியில் வைத்து நசுக்கி அடித்த உருப்படிகள். எவ்வளவு விரட்டினாலும் உடையாது. மதராஸ் கடைக்கு அமானுல்லாவே போய் வாங்கி வந்தான். கடைக்காரர் அடித்துச் சொல்லி அனுப்பினார்: அடித்த பிஸ்டன் சூட்டில் நிறையப் பெருக்கும், இடம் இல்லாவிட்டால் சிலிண்டரில் இறுகி நின்றுவிடும், வழக்கமாக விடுகிற இடைவெளிபோல ரெண்டு பங்கு விடு, சூடேறாமல் இருக்கும்போது லொடலொடவென்று தட்டும், தட்டட்டும், சூடேறினால் அடங்கிவிடும்.

தட்டட்டுமாம்! யாரிடம் சொல்கிறார்?

சிலிண்டரைத் தேய்க்கத் தேய்க்க அமானுல்லாவின் காதில் அந்த லொடலொடதான் கேட்டது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய தகட்டை விட்டு இழுத்துப் பார்ப்பது வழக்கம். தகடு எவ்வளவு சிக்கி வரவேண்டும் என்பது அவன் விரலுக்குத் தெரியும். அந்தச் சிக்கல் வந்ததும் கை தானாக நின்றுவிட்டது. இன்னும் தேய்க்க வேண்டும், தெரியும். ஆனால் தேய்த்த இரும்பு திரும்பி வராதே? வேண்டுமென்றால் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாமே? இப்படி ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு மூடினான். நியாயம் நல்ல நியாயம்தான். அது பயத்துக்குப் போட்ட சட்டை என்பது அவனுக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை, தொழுகை விட்டு வந்த கூட்டம் மொத்தமும் பட்டறை வாசலில் நின்றது. எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. டம்ளரில் ஒரு வளையம்கூட எழவில்லை. திருவேங்கடம் கைதட்டினார். கண்ணாயிரம் எழுந்து உள்ளே போய்விட்டான். எத்தனை சந்தோஷப்பட வேண்டிய நேரம்! அமானுல்லாவோ எஞ்சினருகே காதைக் கொண்டுபோய்க் கேட்டான். இன்னும் கொஞ்சமாவது தட்டக்கூடாதா என்று அன்றைக்குத்தான் முதல்முறை ஏங்கினான்.

மாமல்லபுரம் வரை ஓட்டி, நேர் ரோட்டில் ஒரு தடவை முழுசாக இழுத்துப் பார்க்கும்படி திருவேங்கடம் பஷீரிடம் சொன்னார். தானும் தன் பழைய காரில் பின்னால் வருவதாகச் சொல்லி அமானுல்லாவையும் ஏற்றிக்கொண்டார். கிளம்புமுன் அமானுல்லா பஷீரின் காதோரம் குனிந்தான்.

"மெதுவா போ மச்சான்."

பஷீர் சிரித்தான். கொஞ்ச தூரம் நடந்த அமானுல்லா மறுபடி திரும்பி வந்து அதையே சொன்னான். இந்தத் தடவை பஷீர் சிரிக்கவில்லை, ஒரு மாதிரி பார்த்தான்.

வழியெல்லாம் திருவேங்கடம் பேசிக்கொண்டே வந்தார். கோப்பையை மில்லில் எங்கே வைப்பது, படம் பிடிக்க யாரைக் கூப்பிடுவது என்று. அமானுல்லாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்ணாடியை இறக்கினான், ஏற்றினான். திருக்கழுக்குன்றம் மலை பக்கவாட்டில் போனபோது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். டீ மேல் வளையம்கூட எழவில்லை என்று அவர் அப்போது பார்த்துத்தானா பாராட்ட வேண்டும்? வாய் தானாக மூடிக்கொண்டது. அடுத்த ஊர் வரட்டும் என்றான். அடுத்த ஊரும் வந்தது, போனது. சுராயா காலையில் தம்பிக்குக் கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலம் இந்தக் காரிலேயே கிடந்தது. அதைப் பார்த்ததும் அவன் திருவேங்கடத்தின் தோளைத் தொட்டான்.

"மொதலாளி, ஆர்ன் அடிங்க. அவன நிக்கச் சொல்லுங்க."

ஏன் என்று அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் முன்னால் போன கார் சீறிக்கொண்டு பறந்தது. சவுக்குத் தோப்புக்கு நடுவே நேர் ரோடு, பஷீர் மிதித்து விரட்டினான். கால்வாய்ப் பாலத்துக்குச் சற்று முன்னால் நீலப் புகை கிளம்பியது. பின்சக்கரங்கள் அப்படியே கட்டிப்போட்டதுபோல நின்றன. கார் அலறிக்கொண்டு பக்கவாட்டில் இழுத்துப்போய், மணலில் புதைந்து, கால்வாய்க் கரை விளிம்பில் நின்றது.

அமானுல்லா எப்படி இறங்கினான், எப்படி ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. பஷீர் நெற்றியில் ரத்தத்தோடு காருக்கு வெளியே நின்றிருந்தான். சமயத்தில் கிளட்ச்சை மிதித்ததால் உயிர் தப்பியது. மிதிக்காமல் இருந்திருந்தால்? அதற்குமேல் நினைக்க அமானுல்லாவால் முடியவில்லை. பஷீர் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டான். மச்சானின் முகத்தைப் பார்த்தான். 'மெதுவா போ' ஏன் ரெண்டு தடவை வந்தது என்பது அப்போது அவனுக்குப் புரிந்துவிட்டது.

மூச்சிரைக்க வந்த திருவேங்கடத்தின் பக்கம் பஷீர் திரும்பினான்.

"எம்மேலதான் தப்பு மொதலாளி. எண்ணெ பாக்காம வேகத்த ஏத்திட்டேன்."

அவ்வளவுதான், மனிதர் கொதித்துவிட்டார். இனி இந்தக் காரை மட்டுமல்ல, மில் லாரிச் சாவியையும் தொடக்கூடாது என்றார். பஷீர் தலையைக் குனிந்துகொண்டான். அக்காள் வீட்டில் அடுப்பு எரிவது மச்சானின் பேரால்தான், தனக்கு வேறு லாரி கிடைக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டான் போல.

அமானுல்லா கையை எஞ்சின் மூடிமேல் வைத்துக்கொண்டு நின்றான். கொதித்தது, எடுக்கவில்லை. இப்போது பேசாமல் இருந்தால் போதும். டம்ளரும் பத்திரம், பேரும் பத்திரம்.

"எண்ணெ சரியாத்தான் கீது மொதலாளி," என்றான். "பிஸ்டன நான்தான் டைட்டா வுட்டேன். சத்தம் வந்தா பஜாருல சிரிப்பாங்கன்னு."

திருவேங்கடம் திட்டிய திட்டெல்லாம் இங்கே எழுதக்கூடியதல்ல. கடைசியில், கெடுத்தவனே கட்டித் தரவேண்டும், கடைக்காரர் சொன்ன இடைவெளி விடவேண்டும் என்றார். லாரிச் சாவியைப் பற்றி அப்புறம் பேச்செடுக்கவே இல்லை.

அந்த ஞாயிறு போனது போனதுதான். அடுத்த பந்தயத்துக்குள் கட்டி முடித்தான். அதே பஜார், அதே கூட்டம். எஞ்சினைக் கிளப்பியதும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்கியது போல லொடலொடவென்று தட்டியது. கூட்டத்தில் ஒருவன் சிரித்தான், பிறகு பலர். கண்ணாயிரம் இத்தனை வருஷம் காத்திருந்தவன், விடுவானா?

"இன்னா அண்ணாத்த, டம்ளர் வெக்கலியா?"

வழக்கம்போல டீ வந்திருந்தது. அமானுல்லா அதை வாங்கினான். காது மடல் சிவக்க, எஞ்சின் பக்கத்திலேயே நின்று, எல்லோரும் பார்க்க மெதுவாகக் குடித்தான். குடித்துவிட்டுப் பஷீரைப் பார்த்தான்.

"நல்லா வெரட்டு மச்சான்."

கார் தட்டிக்கொண்டே ரயில்வே கேட்டைத் தாண்டியது. சத்தம் தேய்ந்து தேய்ந்து காணாமல் போனது. தூரத்தில் போனதால் அடங்கியதா, சூடேறி அடங்கியதா என்று பஜாருக்குத் தெரிய வழியில்லை. பஷீருக்கு மட்டும் தெரியும். அமானுல்லா காலி டம்ளரை டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினான்.