நெற்றியோரத்துப் புது முடி

"வந்தா மலை, போனா மயிர்" என்று சொல்லி வைத்த மகராசனுக்கு நிச்சயம் தலை நிறைய முடி இருந்திருக்கும். எனக்கு மலை வரவில்லை. மயிர் மட்டும் போனது.

நான் ஹோட்டல் வரவேற்பு மேசையில் நிற்கிறவள். அங்கே பெண்கள் தலையை வழித்து வாரி இறுக்கமாகக் கொண்டை போட வேண்டும். வீட்டில் ஆறு வயதுப் பெண், ஒரு கைக்குழந்தை. குளித்த தலையைத் துவட்ட நேரம் ஏது? ஈரத்தோடு முறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடுவேன். சாயங்காலம் அவிழ்த்தால் உள்ளே இன்னும் ஈரம், ஊறின துணி வாடை. முதலில் நுனி பிய்ந்தது, பிறகு வேரோடு வந்தது. நெற்றியின் இரண்டு ஓரமும் வெறிச்சென்று ஆனது.

"ஈரத்தலைய இழுத்துக் கட்டவே கூடாது. தளர்வா விடுங்க, திரும்ப முளைக்கும். நல்லா தூங்குங்க," என்றார் தோல் டாக்டரம்மா.

தூக்கமா! நான் சிரித்த சிரிப்பில் மடியில் இருந்த குழந்தை மிரண்டு அழுதது. எங்கள் வீட்டில் நன்றாகத் தூங்குகிறவர் ஒருத்தர்தான், என் வீட்டுக்காரர். அவர் தலை காடு மாதிரி இருக்கிறது.

அவரை விடவில்லை. "இனிமே சாயங்காலம்தான் தலைக்குக் குளிப்பேன், அது காயற வரைக்கும் புள்ளைங்க உங்க பொறுப்பு," என்றேன்.

"ஒரு முடிக்கு இவ்ளோ கலாட்டாவா?"

"ஒரு முடின்னா விட்டிருப்பேன். கொத்துக் கொத்தாப் போகுது."

மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கொண்டைக்குப் பதில் தளர்ந்த பின்னலுக்குச் சம்மதம் வாங்கினேன். என் தலையில் இருப்பதற்கு இன்னொருவரிடம் கெஞ்ச வேண்டியிருந்ததே என்று இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

சில மாதம் கழித்து, ஷூ மாட்டிவிடக் குனிந்தபோது பெரியவள் கத்தினாள்: "அம்மா, உனக்குப் புல்லு முளைச்சிருக்கு!"

கண்ணாடிக்கு ஓடினேன். இரண்டு ஓரமும் பூனைமுடி மாதிரி குட்டிக்குட்டியாக, விறைத்துக்கொண்டு நின்றது. நான் அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். அன்றைக்குப் பஸ்ஸைக்கூடத் தவற விட்டேன்.

மேசைக்குப் போனதும் மேனேஜர் முகத்தைச் சுளித்தார். இடது காதோரத்து முடியை வலது காது வரை இழுத்து ஒட்டியிருக்கும் மனிதர்.

"என்னம்மா இது, முன்னாடி எல்லாம் பிச்சுக்கிட்டு நிக்குது?"

"புதுசா முளைக்குது சார்."

"முளைக்கட்டும், யார் வேணாம்னா? தெரியாம முளைக்கட்டும். ஜெல் போட்டு அழுத்தி ஒட்டுங்க. இல்லன்னா ஓரத்த ஷேவ் பண்ணிடுங்க, நீட்டா இருக்கும்."

ஷேவ்! பெற்ற பிள்ளையைத் தொட்டில் நிறம் பொருந்தவில்லை என்று திருப்பிக் கொடுக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

"முடியாது சார்."

"அப்போ அது வளர்ற வரைக்கும் உள்ள ரூம்ல போய் போன் எடுங்க. முன்னாடி நிக்கிறவங்க பாக்கறதுக்கு லட்சணமா இருக்கணும்."

முன்னாடி நிற்பது எனக்கு வெறும் நிற்பதல்ல. ஆறு வருடம் உழைத்து வாங்கிய இடம். உள்ளே போனவர்கள் யாரும் வெளியே திரும்பி வந்ததில்லை. ஆனாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். நெற்றியோரம் வரிசையாகக் கறுப்புக் கிளிப்புகள், அவற்றையும் மீறிச் சிலும்பும் குட்டி முடி. அறையைக் கேட்க வாயைத் திறந்தவர் என் நெற்றியைப் பார்த்து நிறுத்தினார்.

"உங்களுக்கும் முளைக்குதா?" என்றார், அக்கா தங்கையிடம் பேசுவது போல. "எங்க ஆபீஸ்ல இதைக் கிளிப் குத்தி மறைக்கச் சொல்லிட்டாங்க. வேரெல்லாம் வலிக்குது."

மேனேஜர் பளிச்சென்று புன்னகையை எடுத்து மாட்டிக்கொண்டு, "வாங்க மேடம், வாங்க," என்றார்.

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. அந்தப் பெண்ணுக்கும் நன்றாகக் கேட்கும்படி மேனேஜரிடம் திரும்பினேன்.

"சார், இவங்களையும் உள்ள ரூமுக்கு அனுப்பிடலாமா?"