வாளியால் அள்ளச் சொன்னேன்

தண்ணீர் கேட்டு வந்தவருக்கு இல்லையென்று சொல்ல எனக்கு வராது. அதுதான் நான் செய்த பிழை.

மண்கும்பான் ஒரு தீவு ஊர். எங்கள் கிணற்றில் நல்ல தண்ணீர் மேலே மிதக்கும் மெல்லிய ஒரு படைதான். அதற்கு அடியில் கடல், கூட இறைத்தால் உப்பேறிவிடும். காலையில் பத்து வாளி அள்ளுவோம், ஊறவிட்டுப் பின்னேரம் அள்ளுவோம். கத்தரிக் கன்றுகளுக்கும் கையால்தான் வார்ப்போம்.

மாசியில் ஒருநாள் டவுனுக்குத் தண்ணீர் ஏற்றும் றொஜன் தன் பவுசர் லொறியைப் படலையடியில் நிறுத்தினான்.

"அக்கா, டவுனில சரியான தட்டுப்பாடு. கொஞ்சம் அள்ளட்டோ?"

"அள்ளுமன்," என்றேன். என் மனதில் இருந்தது வாளி. அவன் குழாயை இறக்கினான். மோட்டர் இரைந்தது. நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். குடிக்கத்தானே கேட்கிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு கிழமைக்கு மூன்று தரம் வந்தான். பங்குனிக்குள் தேத்தண்ணீர் கரித்தது. கத்தரி இலைகள் ஓரத்தில் கருகின. கோடை என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்க விரும்பினேன்.

நேற்று டவுனில் பல் பிடுங்கிவிட்டுத் திரும்பும்போது பவுசரைக் கண்டேன். எட்டு மாடிக் கட்டிடமொன்றின் முன்னால் நின்றது. புதுக் கொங்கிறீற்றை நனைத்துக்கொண்டிருந்தார்கள். மிச்சம் வாய்க்காலில் ஓடியது. மதிலில் நீச்சல் தடாகத்தின் படம். நாலாம் மாடியில் ஒரு வீடு கனடாவிலிருக்கும் என் தங்கை வாங்கியது. வந்தால் பத்து நாள் நிற்பாள். குடிக்க ஆளில்லாத வீடுகளுக்கு என் கிணறு போயிருக்கிறது. மரத்துப்போன வாயோடு நடுவீதியில் நின்றேன், ஏசக்கூட முடியவில்லை.

இன்று காலை பவுசர் வந்தது. நான் கிணற்றுக்கட்டில் ஏறி இருந்துகொண்டேன்.

"எழும்புங்கோ அக்கா, நேரம் போகுது."

"ஏலாது."

சிரித்தான். "நீங்கள்தானே அள்ளச் சொன்னனீங்கள்?"

"வாளியால அள்ளச் சொன்னனான்."

"வாளியால இதை நிரப்பி முடிக்க எனக்குப் பென்சன் வந்திடும்!"

நான் அசையவில்லை. அவன் வியர்வையைத் துடைத்தான். "சரி, குடிக்கவெண்டாலும் தாங்கோவன்."

அதற்கு மட்டும் இல்லையென்று சொல்லமாட்டேன். இறங்காமலே ஒரு வாளி இழுத்து, செம்பில் வார்த்துக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தவன் துப்பினான்.

"என்னக்கா, ஒரே உப்பு!"

"விழுங்கும் தம்பி. நான் ஒரு மாதமா விழுங்கிறன்."

செம்பைக் கிணற்றுக்கட்டில் வைத்தான். முகத்தில் வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். அவன் குழாயைச் சுருட்டிக்கொண்டே வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தான்.

"அடுத்த வளவில இலட்சுமிப்பிள்ளையம்மா நிக்கிறாவோ? அங்க நல்ல தண்ணியாமே."

இலட்சுமிப்பிள்ளைக்கும் இல்லையென்று சொல்ல வராது.

கிணற்றுக்கட்டிலிருந்து குதித்தேன். அவன் பவுசரைத் திருப்பும் முன்னம், செருப்பில்லாமல், அவர் படலையை நோக்கி ஓடினேன்.