சுவரில் ஒட்டிய சாவி

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தொழிலாளர் உரிமைக் குழுவில் யாருடைய போனையும் யாரும் திறக்கலாம் என்றிருந்த காலம் உண்டு. பூட்டு எண் எல்லாருக்கும் ஒன்றேதான், செங்கல்வராயன் இறந்த தேதி. சிப்காட்டில் ஓர் இரும்பாலையில் கிரேன் சங்கிலி அறுந்து, தூக்கிப்போன பாரம் அவர்மேல் விழுந்த நாள். முதல் நினைவு நாள் கூட்டத்தில் எங்கள் தலைவர் ஸ்டீபன் எழுந்து, நாளெல்லாம் போனை நோண்டுகிறோமே, ஒவ்வொரு தடவையும் அவரை நினைத்துக்கொண்டே திறப்போம் என்றார். அங்கேயே எல்லாரும் மாற்றிக்கொண்டோம். செங்கல்வராயனின் மனைவி செங்கம்மாள் அன்று வாய்விட்டு அழுதாள். டீக்கடையில்கூட இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டோம்.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தேவதர்ஷினி வந்த அன்று எனக்கு எரிச்சல்தான். பாவம், வேப்பம்பட்டிலிருந்து சென்ட்ரல் போய், வண்டி மாறி, ஒரே மாவட்டத்துக்குள் வருவதற்குச் சென்னையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். மாதா கோயில் மண்டபத்தில் பேனர் கட்டியிருந்தோம், ‘மனித உரிமைச் செயற்பாட்டாளர்களுக்கான டிஜிட்டல் பாதுகாப்புப் பயிற்சி’ என்று. செங்கல்வராயனை வேலைக்கு எடுத்த காண்ட்ராக்டர் ஆள் வைத்து மிரட்டுகிறான், ஆலைப் புகையில் மூச்சு முட்டுகிறது, இதில் போனுக்குப் பாதுகாப்பு ஒன்றுதான் குறைச்சல் என்று பக்கத்திலிருந்த ராபினிடம் சொன்னேன். மெல்லப் பேச எனக்கு வராது. அவள் காதில் விழுந்துவிட்டது. கோபப்படாமல் என் பக்கம் கையை நீட்டி, போனைக் கொஞ்சம் தரமுடியுமா என்று கேட்டாள்.

கொடுத்தேன். அவள் என் போனைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். சுவரில் நினைவு நாள் போஸ்டர் இருந்தது. செங்கல்வராயன் படம், பெயர், அதற்குக் கீழே சிவப்பில் கொட்டை எழுத்தில் தேதி. தட்டினாள், திறந்துகொண்டது. ராபின் போனும் திறந்தது. ஸ்டீபன் போனும் திறந்தது. வித்தை காட்டுகிறாள் என்று நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

“ஸ்டேஷன்லேருந்து வர்ற வழியெல்லாம் இந்த போஸ்டர் ஒட்டியிருக்கு அக்கா” என்றாள். மண்டபத்தில் சிரிப்பு நின்றுபோனது.

இந்தப் போன்களில் வெளியே தெரியக்கூடாதது ஏதாவது இருக்கிறதா என்று அவள் கேட்டாள். எல்லாரும் செங்கம்மாளைப் பார்த்தோம்.

இருந்தது. செங்கம்மாளின் போனில், சின்னராசு நடந்ததைச் சொன்ன குரல். பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடித்த குடும்பம். ஏரி சோறு போடாமல் போகவே ஆலைக்கு வந்தவர். சங்கிலியில் விரிசல் இருக்கிறது என்று செங்கல்வராயன் காண்ட்ராக்டரிடம் முன்பே சொன்னதையும், செத்தவர் சட்டைப்பையிலிருந்து காண்ட்ராக்டர் கேட் பாஸை உருவிக்கொண்டு போனதையும் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான். விசாரணையில் காண்ட்ராக்டர், செங்கல்வராயன் என்று ஒரு ஆள் என்னிடம் வேலையே செய்யவில்லை, பெயரைக்கூடக் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டான். சின்னராசு இன்னும் அவனிடம்தான் வேலை பார்க்கிறார். சாட்சிக் கூண்டில் ஏறுவதற்குள் பெயர் வெளியே வந்தால் வேலை போவதோடு நிற்காது, ஆளையே ஒரு வழி பண்ணிவிடுவார்கள். அப்படிப்பட்ட பதிவை, ‘சின்னராசு’ என்று அழகாகப் பெயர் வேறு போட்டு, போஸ்டர் தேதியில் பூட்டி வைத்திருந்தோம். எங்கள் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல.

தேவதர்ஷினி எங்களைத் திட்டவில்லை. பதிவை யார் கண்ணிலும் படாத வழியில் வக்கீலுக்கு அனுப்ப உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள், பதிவுக்குப் போட்டிருந்த பெயரை மாற்றினாள். பிறகு, இனி இது போனில் இருக்கவேண்டாம், அழித்துவிடலாம் என்றாள். செங்கம்மாள் போனைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“அதுல அவரு கடைசியா சொன்னது கீது மா. ‘ஊட்டுக்குச் சொல்லாதீங்க, பயந்துக்கும்’னு சொல்லிக்கினே போனாராம். சின்னராசு அண்ணன் சொல்றத தெனம் கேக்கறேன். அத அழிக்க மாட்டேன்.”

பாடம் என்று வந்தால் அழிக்கவேண்டும் என்றுதான் சொல்லியிருக்கவேண்டும். தேவதர்ஷினி செங்கம்மாளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “சரிக்கா, குரலை வெச்சிக்கோங்க. அப்போ தேதியை விட்டுடணும்” என்றாள்.

தேதியை விடுவது செங்கம்மாளுக்கு லேசாக இல்லை. ஆஸிட் ஊற்றித் தரை கழுவிக் கழுவி விரல் ரேகை தேய்ந்துபோனதால் கைரேகைப் பூட்டும் அவளுக்கு ஒத்துவராது. எண்தான் போடவேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து மாற்றினாள். என்ன எண் என்று கேட்டேன். சொல்லக்கூடாதுன்னு இப்பத்தானே அந்தப் பொண்ணு சொல்லிச்சு என்று என்னையே மடக்கினாள். எனக்குச் சுருக்கென்றது.

மாதம் ஒன்று போயிருக்கும். செங்கம்மாள் வேறொரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருக்கிறாள். இங்கே எல்லாக் கம்பெனியிலும் ஒரே வழக்கம்தான்: கேட்டில் போனைக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். ஷிப்ட் முடியும்வரை போன் செக்யூரிட்டி பெட்டியில் கிடக்கும். அந்தக் கம்பெனிக்கும் ஆள் விடுவது அதே காண்ட்ராக்டர்தான். அவனுக்குச் சிப்காட்டில் திறக்காத கேட் இல்லை. இது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் அவள் டோக்கனை நீட்டியபோது செக்யூரிட்டி ஆசீர்வாதம் போனை உடனே கொடுக்கவில்லை. எங்கள் மாதா கோயில்காரர்தான், வேலைக்குப் பயந்த மனிதர். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மதியம் காண்ட்ராக்டர் வந்து பெட்டியிலிருந்து அவள் போனை எடுத்தான் என்றார். எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் சாட்சி என்று இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டு, செங்கல்வராயன் செத்த தேதியை எண்ணாகப் போட்டானாம். திறக்கவில்லை. அதையே மறுபடி போட்டானாம். முன்பின்னாக மாற்றிப் போட்டானாம். கடைசியில் போனே மறுத்துவிட, பெட்டியில் வீசிவிட்டுப் போய்விட்டான்.

அவள் நேராக என் வீட்டுக்கு வந்தாள். சின்னராசுவுக்கு ஆள் அனுப்பினோம். அவர் ஒன்றும் நடக்காதவர்போல ஷிப்ட் முடிந்து வீட்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அந்தச் செய்தி வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. எண்ணை மாற்றாமல் இருந்திருந்தால் அந்தக் கஞ்சியைக் குடிக்க அவர் இருந்திருப்பாரா என்று நினைத்ததும் அழுதுவிட்டேன். மண்டபத்தில் நக்கலடித்தவள் நான்தான். தேவதர்ஷினியை நினைத்தால் இப்போதும் கை தானாகக் குவிகிறது.

உடனே அவளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவள் மின்சார ரயிலில் இருந்தாள். பின்னால் இரைச்சல். நான் நடந்ததைக் கொட்டி, நீ நல்லா இருக்கணும் மா என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, சின்னராசு அண்ணன் பத்திரமா என்பதைத்தான். அடுத்து, அந்த ஆளுக்கு எண்ணை யார் சொல்லியிருப்பார்கள் என்று கேட்டாள். நாங்கள்தான் ஊரெல்லாம் பீற்றியிருந்தோமே, தேதிதான் பூட்டு என்று எவனாவது போய்ச் சொல்லியிருப்பான் என்றேன். தேதியைப் போஸ்டரில் பார்த்துக்கொண்டான் போல என்றாள் அவள்.

செங்கம்மாள் போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

“இல்ல மா. எங்க கேட்டாண்ட போஸ்டரே கெடையாது, எல்லாத்தயும் அவனே கிழிக்கச் சொல்லிட்டான். எதயும் பாக்கல, யாரயும் கேக்கல, தேதிய வாயால சொல்லிக்கினே தட்டினான்னு ஆசீர்வாதம் அண்ணன் சொன்னாரு. நீ மாத்தச் சொன்னப்ப, அவர என்கிட்டேருந்து புடுங்கறியேன்னு இருந்துச்சு. இப்பத்தான் தெரியுது. பேரே கேட்டதில்லன்னு விசாரணைல சொன்னான்ல? எங்க ஊட்டுக்காரரு செத்த நாளு அவனுக்கு மனப்பாடம் மா.”