என் பேஸுக்கு ஒரு சேனல்

ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊர் போர்ட் கெம்ப்ளாவில் முதலில் மேடை ஏறும் இசைக்குழு, கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்பைத் தூக்கிக்கொண்டு வராது. கடைசியில் வாசிக்கும் பெரிய குழுவின் ஆம்ப்தான் எல்லோருக்கும். அதன் குமிழைத் தொட்டால் முறைப்பார்கள். இப்படி எவனுடைய சத்தத்திலோ வாசித்து வாசித்து எனக்கு வெறுத்துவிட்டது. அதனால்தான் ப்ரீஆம்ப் வாங்கப் போனேன். காலடியில் வைக்கும் சின்னப் பெட்டி. பேஸ் கிட்டாரின் சத்தத்தை அதிலேயே நமக்குப் பிடித்த மாதிரி அமைத்து, ஒரு ஒயரை ஆம்புக்கும் இன்னொன்றை மிக்ஸருக்கும் அனுப்பலாம்.

பேஸ் என் தோளில் தொங்கியது. கடைக்காரன் கூட வந்த எங்கள் ட்ரம்மர் டேலைக் கேட்டான்: "எவ்வளவுல பாக்கறீங்க, பாஸ்?"

"எனக்கு ரெண்டு குச்சி போதும்பா. இவகிட்ட கேளு. பாத்துக் கேளு, கடிப்பா."

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். மின்பொறியியல். கிட்டார் கடைக்குள் நுழைந்தால் மட்டும் நான் யாருடைய காதலியோ.

கடைக்காரன் பழைய ரேடியோ மாதிரி வால்வு வைத்த, விலை கூடிய பெட்டியை எடுத்து வைத்தான். நான் பக்கத்தில் பெயின்ட் உரிந்து கிடந்த பழைய பெட்டியை ஹெட்போனில் கேட்டேன். விலை அதில் கால்வாசி. சத்தம் கெட்டி. ஓங்கி அடித்தால் உறுமியது. வீட்டில் பதிவு செய்யவும் அதுவே போதும்.

"அது இப்பத்தான் ஆரம்பிக்கறவங்களுக்கு," என்றான்.

"இப்பத்தான் ஆரம்பிக்கறேன். பில் போடு."

சனிக்கிழமை பப்பில் வாசிப்பதை மிக்ஸரிலிருந்தே பதிவு செய்வதாக ஏற்பாடு. ஸ்டுடியோவுக்கு வசதியில்லை. அதுதான் எங்கள் முதல் ஆல்பம். சவுண்டுக்காரர் கிரேம் வந்ததும், கிட்டார் சத்தத்தை அப்படியே மிக்ஸருக்கு அனுப்பும் தன் பெட்டியை என் பெட்டிக்கு முன்னால், கிட்டார் ஒயரிலேயே சொருகினார். எல்லா சவுண்டுக்காரர்களும் செய்வதுதான்.

"சுத்தமான சத்தத்தக் குடு கண்ணு. மீதிய நான் பாத்துக்கறேன்."

"பேரு கெரின். அங்க சத்தத்த எடுத்தா என் பெட்டி ஜனங்களுக்கும் கேக்காது, பதிவுலயும் வராது."

"இந்த மாதிரி பெட்டி பாதிப் பாட்டுல செத்துப்போகும். அப்ப யாரத் திட்டுவாங்க? என்னத்தான்."

அதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சல்.

"அப்ப ரெண்டு பெட்டியிலருந்தும் எடுங்க."

"மிக்ஸர்ல சேனல் இல்லம்மா. எல்லா ஓட்டையும் ரொம்பிடுச்சு."

"என் மைக்கக் கழட்டுங்க."

டேல் நிமிர்ந்தான். "அடிப்பாவி, கோரஸ யாரு பாடறது?"

"நீ."

"நான் பாடினா பார் காலியாயிடும்டி."

கிரேம் மைக்கைக் கழற்றி என் பெட்டியைச் சொருகினார். ங்ங்ங் என்று இரைச்சல். அவர் புருவத்தைத் தூக்கினார். பெட்டியில் எர்த்தைத் துண்டிக்கும் பொத்தானை அழுத்தினேன். நின்றது. வாசித்தேன். ஒன்றை ஏற்றி, மற்றதை இறக்கிக் கேட்டார். கடைசியில் தன் பெட்டியின் சேனலை முழுக்க இறக்கிவிட்டார்.

"இது செத்தா மட்டும் என்னோடத ஏத்துவேன்," என்றார். "எங்க வாங்கின?"

கடைசிப் பாட்டு வரை அது சாகவில்லை.

பதிவு வந்தது. கோரஸில் டேல் கழுதை மாதிரி கத்துகிறான். மறுபடி பதிவு செய்யலாம் என்று கெஞ்சுகிறான். முடியாது என்றுவிட்டேன்.

உருக்காலையில் கிரேன் ஓட்டும் அப்பா, ஷிப்டுக்குக் கிளம்பும்போது என்னையும் காரில் உட்காரவைத்து அதைப் போட்டுக் கேட்டார்.

"இதுல நீ எதும்மா?"

"கதவு அதிருதில்ல, அது."

அப்பா கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு சத்தத்தைக் கூட்டினார்.